தேர் நகராமைக்கு உளவியல் காரணங்கள்

அன்று மண்டபத்தில் இருந்தவர்கள் இவர்கள். தேர்த் திருவிழாக் குழுவின் செயலாளர் உமாபதி. மின்வாரியத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் எதையாவது போடவோ அணைக்கவோ கை துறுதுறுக்கிற மனிதர். அவர் மகன் தினேஷ். ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலையில் வேலை, ஆறடி உயரம், அளவெடுத்து வெட்டிய தாடி. சமூக நடத்தை அறிவியல் உயராய்வு மையத்தின் இயக்குநர் முனைவர் குமரகுரு. அவருடைய உதவியாளர் சத்யப்ரியா என்கிற பெண். தேர்ச் சக்கரத்துக்குக் கட்டை போடுகிற பழனி. அவன் என் தங்கை கிருஷ்ணம்மாளின் கணவன். என் தம்பி நமச்சிவாயம். நான். தெரு ஆண்களில் ஊரில் இருந்தவர்கள் எல்லோரும். பெண்கள் ஜன்னலுக்கு வெளியே நின்றார்கள். அவர்களை யாரும் அழைக்கவில்லை. ஆனால் அவர்கள் காதில் விழாமல் பிள்ளையார்பாளையத்தில் எந்தக் கூட்டமும் நடந்ததில்லை என்பதால் அவர்களையும் இருந்தவர்களாகவே கொள்ள வேண்டும்.

கூட்டம் எதற்கென்று சொல்லிவிடுகிறேன்.

எங்கள் தெரு சுப்பிரமணியர் தேருக்கு வடம் தொட்டுக் கொடுப்பது எங்கள் குடும்பம். பங்குனி உத்திரத்தன்று தேங்காய் உடைத்ததும் எங்கள் வீட்டு ஆண் ஒருவன் வடத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு “அரோகரா” என்று குரல் கொடுப்பான். அதற்குப் பிறகுதான் மற்றக் கைகள் வடத்தைத் தொடும். தாத்தா கொடுத்தார், அப்பா கொடுத்தார், நான் கொடுத்தேன். என் முழங்கால் மறுத்த பிறகு தம்பி கொடுக்கிறான். அவன் சாது. தறிக்குழியில் கால் இறக்கினால் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாலும் எழ மாட்டான். பேச்சும் குறைவு. ஆனால் வடத்தைப் பிடித்துக் குரல் கொடுத்தானானால் தெருக்கோடியில் கட்டியிருக்கும் மாடு திரும்பிப் பார்க்கும். இதற்கு எங்களுக்கு யாரும் சான்றிதழ் கொடுத்ததில்லை. நாங்களும் கேட்டதில்லை.

போன வருஷம் வடக்குத் திருப்பத்தில் தேர் நின்றுவிட்டது. பாதாளச் சாக்கடைக்காகத் தோண்டி, மூடியதாகச் சொல்லப்பட்ட பள்ளத்தில் சக்கரம் இறங்கியது. பலகை போட்டு ஏற்றினோம். வேறொன்றும் இல்லை. ஆனால் உமாபதி அதை வேறு விதமாகப் புரிந்துகொண்டார். பள்ளத்தைப் பற்றிப் பேசினால் யாராவது ஒருவரிடம் போய்க் கேட்க வேண்டியிருக்கும். மக்களின் மனதைப் பற்றிப் பேசினால் யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஆகவே மக்கள் மனம் வைத்து இழுக்கவில்லை என்று முடிவு செய்தார். தினேஷின் தொழிற்சாலையில் முனைவர் குமரகுரு சொற்பொழிவாற்றி, அதைக் கேட்ட தொழிலாளர்கள் எழுந்து நின்று கைதட்டினார்களாம். அவரை அழைத்து வந்து, இந்த வருஷம் வடம் தொடுவது யார், இழுப்பது யார் என்பதை அறிவியல் முறையில் தீர்மானிப்பதென்று குழு தீர்மானம் போட்டது.

இயக்குநர் தாமதமாக வந்தார். அதுவரை நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தவன் நான் ஒருவன்தான்.

“மன்னிக்கணும். வாலாஜாபாத்தில் கேட் போட்டுவிட்டார்கள். சூழ்நிலை,” என்று சொல்லிக்கொண்டே மேடையேறியவர், வெள்ளைக் கோட்டு ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டார். மருத்துவர்கள் போடுவது. இவர் மருத்துவர் இல்லை என்று பிறகு தெரிந்தது.

“மனிதர்கள் எல்லோரும் செய்கிற ஒரு தவறிலிருந்து தொடங்குகிறேன்,” என்றார். “நாம் தாமதமாக வந்தால் சூழ்நிலையின் மேல் பழி போடுகிறோம். அடுத்தவர் தாமதமாக வந்தால் அவர் குணமே அப்படி என்கிறோம். அறிவியல் இதைக் கண்டுபிடிக்கும்வரை மனித குலம் இருளில் இருந்தது.”

அப்போது கையில் பிளாஸ்க்கோடு நமச்சிவாயம் உள்ளே வந்தான்.

“பாருங்கள்! பாதியில் வருகிறார். பொறுப்பின்மை. இது குணம்,” என்றார் இயக்குநர். சத்யப்ரியா கையிலிருந்த டேப்லட்டில் குறித்துக்கொண்டாள்.

“உங்களுக்குத்தான் சார் காபி வாங்கியாரச் சொன்னாங்கோ,” என்றான் நமச்சிவாயம்.

“காரணம் சொல்கிறார். அதையும் குறித்துக்கொள்,” என்று சொல்லிவிட்டு இயக்குநர் காபியைக் குடித்தார்.

பிறகு கூட்ட மனநிலையைப் பற்றிப் பேசினார். “தனியாக இருக்கும்போது மனிதன் யோசிக்கிறான். கூட்டத்தில் சேர்ந்ததும் யோசிக்கிற வேலையைப் பக்கத்திலிருப்பவரிடம் விட்டுவிடுகிறான். பக்கத்திலிருப்பவர் மேடையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நான் சொல்வதை ஒப்புக்கொள்கிறவர்கள் கை தூக்குங்கள்.”

உமாபதி தூக்கினார். அவரைப் பார்த்து முன்வரிசை தூக்கியது. முன்வரிசையைப் பார்த்து மண்டபம் தூக்கியது. இயக்குநர் மிகவும் திருப்தியடைந்தார். நான் தூக்கவில்லை. எங்கள் குடும்பத்தில் கூட்டத்தில் கை தூக்கும் வழக்கம் கிடையாது. கேட்டால் வாயால் சொல்வோம்.

முதல் சோதனை கோடுகளைப் பற்றியது. திரையில் இடப்பக்கம் ஒரு கோடு, வலப்பக்கம் மூன்று கோடுகள். இடப்பக்கத்துக் கோட்டின் நீளத்துக்குச் சமமானது எது என்று சொல்ல வேண்டும். முன்வரிசைக்காரர்களிடம் எல்லோரும் தப்பான பதிலையே சொல்ல வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கிறார்கள். கடைசியில் உட்காரவைத்த நமச்சிவாயத்துக்கு மட்டும் இது தெரியாது. அத்தனை பேர் தப்பாகச் சொன்னால் அவனும் கூட்டத்தோடு சேர்ந்து தப்பாகச் சொல்கிறானா, தன் கண்ணை நம்புகிறானா என்று பார்ப்பதுதான் சோதனை.

எங்கள் தெருவில் வயதில் மூத்தவன் வாய் திறப்பதற்கு முன் மற்றவர் திறப்பதில்லை என்பதை இயக்குநரிடம் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. முதல் நாற்காலியில் இருந்தவர் எழுந்து, திரையைப் பார்த்து, என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“பெரியவரு இன்னா சொல்றாரு?”

“இரண்டாவது கோடு,” என்றேன். இரண்டாவதுதான். கண் இருக்கிற யாருக்கும் தெரியும்.

“பெரியவரு சொன்னா சரி. ரெண்டு.”

அடுத்தவர் இரண்டு என்றார். அதற்கடுத்தவரும் இரண்டு. உமாபதி மேடையோரத்தில் நின்றுகொண்டு கண்ணைக் காட்டினார், இருமினார், மூன்று விரலைத் தூக்கிக் காட்டினார். நமச்சிவாயத்துக்கு முன்னால் அவர் முறை வந்தபோது என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரும் இரண்டு என்றார். நமச்சிவாயம் எழுந்து, “அண்ணன் சொன்னப்புறம் இன்னா சார் கீது? ரெண்டுதான்,” என்று உட்கார்ந்தான்.

“முழுமையான ஒத்துப்போதல்,” என்றார் இயக்குநர். “சுயமாக முடிவெடுக்கும் திறன் அறவே இல்லை.”

“இரண்டாவது கோடு சரிதானே, சார்?” என்று கேட்டேன்.

“ஐயா, சரியா தப்பா என்பதை நாங்கள் ஆராய்வதில்லை.”

அடுத்து ஒரு தட்டிக்குப் பின்னால் பழனியை உட்கார வைத்தார்கள். நமச்சிவாயத்தின் முன்னால் ஒரு பெட்டி. அதில் ஒரு சிவப்புப் பொத்தான். தட்டிக்குப் பின்னாலிருந்து பழனி தப்பான பதில் சொல்லும்போதெல்லாம் நமச்சிவாயம் பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தினால் பழனிக்கு மின்சாரம் பாயும். பாயாது, பாய்வதுபோல் கத்தும்படி பழனிக்குச் சொல்லியிருந்தார்கள். வெள்ளைக் கோட்டுப் போட்டவர் சொன்னால் சாதாரண மனிதன் எதுவரை செய்வான் என்று பார்க்கிற சோதனை.

பழனி தப்பாகப் பதில் சொன்னான். நமச்சிவாயம் பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“அழுத்துங்கள்,” என்றார் இயக்குநர்.

“சார், உள்ள குந்தினு இருக்கிறது எங்க அக்கா வூட்டுக்காரரு.”

“ஆய்வு உறவு பார்க்காது. அழுத்துங்கள்.”

“ஆய்வு பாக்காது சார். எங்க அக்கா பாக்கும்.”

ஜன்னலுக்கு வெளியிலிருந்து கிருஷ்ணம்மாளின் குரல் வந்தது. “ஒரே ஒரு தபா அமுக்கிப் பாருடா. அப்புறம் வூட்டுப் பக்கம் வா, உனுக்கு நான் குடுக்கறேன் ஷாக்கு!”

பழனிக்குப் பொறுக்கவில்லை. தட்டிக்கு மேலே தலையைத் தூக்கினான். “டேய் மச்சான், அமுக்குடா! கரண்டே இல்ல. சும்மா கத்தச் சொல்லிக்கிறாங்கோ. எம்மா நேரம் குந்தினு இருக்கிறது?”

மண்டபம் சிரித்தது. இயக்குநர் சிரிக்கவில்லை. “அதிகாரத்துக்குக் கீழ்ப்படிய மறுப்பவர். எழுது,” என்றார்.

சொந்த புத்தி இல்லாதவன்; அடங்காதவன். எங்கள் குடும்பத்தைப் பற்றி இரண்டில் ஒன்றைச் சொன்னவர்கள் முன்பும் உண்டு. இரண்டையும் ஒரே பிற்பகலில் ஒரே ஆளைப் பற்றிச் சொன்னவர் இவர் ஒருவர்தான்.

பிறகு ஒளிவட்ட விளைவு என்பதை விளக்கினார். ஒருவர் உயரமாக, களையாக இருந்துவிட்டால் அவருக்கு அறிவும் நேர்மையும் வீரமும் இருப்பதாக நாமே கற்பித்துக்கொள்கிறோமாம். தேர்தலிலும் கல்யாணத்திலும் மனித குலம் இதனால்தான் ஏமாறுகிறதாம். “மிக ஆபத்தானது. படித்தவர்கள்கூட விழுந்துவிடுவார்கள்,” என்றவர், தினேஷைப் பார்த்தார். “தம்பி, கொஞ்சம் எழுந்து நில்லுங்கள். ஆகா. பார்த்தாலே தெரிகிறது. தலைமைப் பண்பு.”

“சார், எனக்கு அந்த அளவுக்கு வாய்ஸ் இல்ல சார். ஒரு தடவை சத்தம் போட்டாலே தொண்டை கட்டிக்கும்,” என்றான் தினேஷ். நல்ல பையன்.

“அடக்கம்! இதுவும் தலைமைப் பண்பு.”

இவ்வாறாக வடம் தொட்டுக் கொடுக்கும் உரிமை தினேஷுக்குப் போனது. நமச்சிவாயம் பார்வையாளர் பிரிவுக்கு ஒதுக்கப்பட்டான். மண்டபத்தில் எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் எழுந்து துண்டைத் தோளில் சரிசெய்துகொண்டு, “உங்க இஷ்டம்,” என்றேன். அதற்கு ஒப்புக்கொண்டேன் என்று அர்த்தமில்லை என்பது உமாபதிக்குத் தெரியும். அவர் முகம் வாடியது. இயக்குநர் கைதட்டினார்.

அன்று சாயங்காலம் நமச்சிவாயம் தறியில் உட்கார்ந்தான். ஆனால் நாடா ஓடுகிற சத்தம் கேட்கவில்லை. போய்ப் பார்த்தேன். அரக்கு உடலும் பச்சைக் கரையுமாகப் பாதி நெய்த சேலை அப்படியே கிடந்தது. அவன் கையைக் கட்டிக்கொண்டிருந்தான்.

“அண்ணே, நான் சொந்த புத்தி இல்லாதவனா, அடங்காதவனா?”

“வேலையைப் பார்.”

“இல்லண்ணே. ரெண்டுல ஒண்ணு சொல்லியிருந்தா, சரி, நம்ம ராசி அப்டின்னு இருந்துடுவேன். ரெண்டும்னா எப்டிண்ணே? நாளைக்கு என் பசங்கள ஒருத்தன் கேட்டா, உங்க அப்பன் இன்னாத்துக்குடா வடத்த வுட்டுட்டான்னு, அதுங்க எதச் சொல்லும்?”

சேலையின் கரையைத் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தேன். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியது நான் இல்லை.

மறுவாரம் இழுவை ஒத்திகை. மண்டபத்தின் பின்புறம் ஒரு கயிற்றைத் தூணில் கட்டி, நடுவில் இழுப்பின் பலத்தை அளக்கிற கருவியைப் பொருத்தியிருந்தார்கள். ஒவ்வொருவராகவும் கூட்டமாகவும் இழுக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு இயக்குநர் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

“இதற்குச் சமூகச் சோம்பல் என்று பெயர். தனியாக இழுக்கும்போது முழுப் பலத்தோடு இழுக்கிற மனிதன், பத்துப் பேரோடு சேர்ந்தால் மற்றவன் இழுப்பான் என்று கையைத் தளர்த்துகிறான். ஆகவே உங்கள் தேர் நிற்பதற்குக் காரணம் பள்ளமல்ல. ஆட்கள் அதிகம். ஆட்களைக் குறைக்கக் குறைக்க ஒவ்வொருவரின் பலமும் கூடும்.”

“அப்ப ஆளே இல்லாங்காட்டி தேரு பறந்துடுமா சார்?” என்று பழனி கேட்டான்.

“நகைச்சுவை என்பது மாற்றத்துக்கு எதிர்ப்பு. குறித்துக்கொள்,” என்றார் இயக்குநர்.

எங்கள் தேரில் வடத்தை எல்லோரும் தொடுவார்கள், எல்லோரும் இழுப்பதில்லை. இழுக்காமல் தொட்டுக்கொண்டே நடப்பவர்களும் புண்ணியத்துக்குத்தான் வருகிறார்கள், சாமி அவர்களைத் தனியாகப் பிரித்ததில்லை. மையம் பிரித்தது. தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்குப் பச்சை நிறத்தில் பளபளக்கும் மேல்சட்டை, கழுத்தில் அட்டை. மற்ற ஊரெல்லாம் நைலான் கயிற்றுக்கு அந்தப்பக்கம். கயிற்றில் ‘பார்வையாளர்’ என்று எழுதித் தொங்கவிட்டார்கள்.

உத்திரத்தன்று காலையில் சாமி தேரேறினார். மல்லிகையும் மரிக்கொழுந்துமாக அலங்காரம். நாதசுரம் முழங்கியது. தேங்காய் உடைந்தது. பட்டுவேட்டியின் மேல் பச்சைச் சட்டை போட்டிருந்த தினேஷ் வடத்தைத் தொட்டு, “அரோகரா” என்றான். பக்கத்தில் நின்றவர்கள் அவனுக்கு ஏதோ தேவைப்படுகிறதென்று நினைத்துக் குனிந்து கேட்டார்கள். பச்சைச் சட்டைகள் இழுத்தன. வடம் விறைத்தது. தேர் அசையவில்லை.

ஏன் அசையவில்லை என்று இங்கே சொல்லிவிடுவதில் தவறில்லை. தேர் நிற்கும்போது சக்கரத்துக்கு முன்னால் ஒரு புளியமரக் கட்டையைச் செருகியிருப்பார்கள். அதை எடுத்தால்தான் சக்கரம் உருளும். எடுப்பவன் பழனி. எங்கள் குடும்பத்துக் குரல் கேட்ட பிறகு எடுப்பான். யாரும் எழுதி வைத்த விதி இல்லை இது. அவன் அப்பாவும் அப்படித்தான் எடுத்தார். தினேஷ் குரல் கொடுத்தபோது பழனி சக்கரத்தடியில் குந்தியிருந்தான், கை கட்டையின் மேல் இருந்தது, அப்படியே இருந்தது. தெருவில் சின்னப் பிள்ளைகளுக்குக்கூட இது தெரியும்.

இயக்குநர் சக்கரத்தைப் பார்க்கவில்லை. அவர் டேப்லட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“உந்துதல் போதவில்லை,” என்றார் ஒலிபெருக்கியில். பச்சைச் சட்டைக்காரர்களைத் தங்களுக்குத் தாங்களே கைதட்டிக்கொள்ளச் சொன்னார். கைதட்டினார்கள். இழுத்தார்கள். தேர் நின்றது.

“பொறுப்புச் சிதறல். எல்லோருடைய வேலை யாருடைய வேலையும் இல்லை என்றாகிவிட்டது. ஒவ்வொருவரும் தன் பெயரைச் சொல்லிப் பொறுப்பேற்க வேண்டும்.” ஒலிபெருக்கி கைமாறியது. ஒவ்வொருவரும் பெயரைச் சொல்லி, இந்தத் தேருக்கு நானே பொறுப்பு என்றார்கள். அர்ச்சனை என்று நினைத்துக்கொண்ட குருக்கள் நட்சத்திரம் கேட்டார். தேர் நின்றது.

“குழுச் சிந்தனை!” என்றார் இயக்குநர். “எல்லோரும் தேர் நகரும் என்றே நம்புகிறீர்கள். மறுத்துச் சொல்ல ஆளில்லாத குழு தோற்கும்.” ஒருவரை மறுப்பாளராக நியமித்தார். உமாபதியின் பக்கத்து வீட்டுக்காரர்தான். அவர் வேலை, ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் “தேர் நகராது” என்று உரக்கச் சொல்வது. சொன்னார். அன்று ஒலிபெருக்கியில் வந்தவற்றில் உண்மையான வாக்கியம் அது ஒன்றுதான்.

வெயில் ஏறியது. உமாபதி என் பக்கமாக ஒருமுறை வந்து, கயிற்றில் எழுதியிருந்த ‘பார்வையாளர்’ என்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய் ஜேசிபிக்குப் போன் செய்தார். குருக்கள், “எம்பெருமான ஜேசிபி வெச்சித் தள்றதா இருந்தா நான் எறங்கிடறேன்,” என்று தேரின் மேலிருந்தே சொன்னார். ஜேசிபி வேண்டாம் என்றானது.

இயக்குநர் முகத்தைத் துடைத்துக்கொண்டு பார்வையாளர்களின் பக்கம் திரும்பினார். “இப்போது ஒரு பேருண்மையைச் சொல்கிறேன். இங்கே நிற்கிற எல்லோருக்கும் ஏதோ ஒன்று தெரியலாம். ஆனால் வேறு யாராவது சொல்வார்கள் என்று ஒவ்வொருவரும் வாய்மூடி நிற்பீர்கள். அறிவியல் இதைப் பலமுறை நிரூபித்திருக்கிறது.”

நாங்கள் எல்லோரும் பழனியைப் பார்த்தோம். பழனி என்னைப் பார்த்தான். நான் தேரின் கலசத்தைப் பார்த்தேன்.

கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்கவில்லை. என்னைப் பார்வையாளர் என்று எழுதிய கயிற்றுக்குப் பின்னால் நிற்க வைத்தார்கள். பார்த்துக்கொண்டு நின்றேன்.

நமச்சிவாயத்தால் நிற்க முடியவில்லை. வேட்டியை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினான். “அண்ணே, சாமி வெயில்ல நிக்கிறாருண்ணே. நான் இங்கேர்ந்தே ஒரு கொரல் குடுத்துடறேனே?”

“கூப்பிட்டால் போ.”

“கூப்பிடலன்னா?”

“கூப்பிடாத இடத்தில் வடம் தொட்டான் என்று உன் பிள்ளைகளிடம் சொல்லப் போகிறாயா?”

அவன் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. அந்தக் குரல் தொண்டைவரை வந்து நிற்பதை என்னால் பார்க்க முடிந்தது. எனக்கும் அந்தத் தொண்டை உண்டு.

அப்போது கிருஷ்ணம்மாள் மோர்ச் சொம்போடு கயிற்றுக்கடியில் குனிந்து உள்ளே போனாள். காவலுக்கு நின்ற பச்சைச் சட்டை ஏதோ சொல்லப் பார்த்தது. அவள் பார்த்த பார்வையில் வழிவிட்டது.

“இன்னாயா,” என்றாள் புருஷனிடம், “காத்தாலேர்ந்து கட்டையக் கட்டிப் புடிச்சிக்கினு குந்தினுகீறே?”

“உன் தம்பி கொரல் வரட்டும். எடுத்துடறேன்.”

“அதான் தினேஷு குடுத்தானே?”

“குடுத்தானா? எனுக்குக் கேக்கல.”

பக்கத்தில் நின்ற சத்யப்ரியாவுக்கு இது கேட்டுவிட்டது. சக்கரத்தைக் குனிந்து பார்த்தாள். பிறகு ஓடினாள்.

“சார், வீலுக்கு முன்னாடி ஒரு கட்டை இருக்கு சார்.”

“சரியாகச் சொன்னாய். மனத்தடை,” என்றார் இயக்குநர்.

“மனத்தடை இல்ல சார். கட்டை. மரம்.”

இயக்குநர் வந்து பார்த்தார். நிமிர்ந்து கோட்டைச் சரிசெய்துகொண்டார். “கட்டையை எடுங்கள்,” என்றார்.

“எடுக்கறேன் சார். கொரல் வரட்டும்.”

“நான் சொல்கிறேன். எடுங்கள்.”

பழனி அவரை ஏற இறங்கப் பார்த்தான். “நீங்க இன்னிக்கி வந்துக்கிறீங்கோ சார். நாளைக்குப் போயிடுவீங்கோ. நான் இந்தத் தெருவுல இருக்கணும். மோர் சாப்டறீங்களா?”

தினேஷ் மேல்சட்டையைக் கழற்றிக்கொண்டே வந்தான். கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது அவன் குரல். “சார், நமச்சிவாயம் சித்தப்பாவக் கூப்பிடுங்க சார். எனக்குத் தொண்டையே போயிடுச்சு.”

நாதசுரக்காரர்கூட நிறுத்திவிட்டார். இயக்குநர் கயிற்றுவரை நடந்து வந்து என் முன்னால் நின்றார். ஒலிபெருக்கி கையிலிருந்ததை மறந்திருந்தார்.

“ஐயா, அறிவியலில் கட்டுப்பாட்டுக் குழு என்று ஒன்று உண்டு. பயிற்சி பெற்றவர்களோடு, பயிற்சி பெறாத ஒருவரை ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக. அந்த வகையில் உங்கள் தம்பியை...”

“கூப்பிடுகிறீர்களா?”

“கூப்பிடுவது என்பதைவிட, ஒப்பிடுவது...”

“சார். கூப்பிடுகிறீர்களா, இல்லையா?”

அவர் தேரைப் பார்த்தார், உமாபதியைப் பார்த்தார். உமாபதி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கூப்பிடுகிறேன்,” என்றார். ஒலிபெருக்கி வழியாகத் தெரு முழுக்கக் கேட்டது.

நான் கயிற்றைத் தூக்கிப் பிடித்தேன். நமச்சிவாயம் குனியாமல் போனான். சத்யப்ரியா ஒரு பச்சைச் சட்டையை நீட்டினாள். “வேணாம்மா, வேர்க்கும்,” என்று சொல்லிவிட்டு வடத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். தலையை நிமிர்த்தினான்.

அந்தக் குரலை எழுத்தில் எழுத முடியாது. மாடு திரும்பிப் பார்த்தது மட்டுமல்ல, முளையைப் பிடுங்கிக்கொண்டது. பழனி கட்டையை உருவினான். தேர் ஒரு குலுங்கு குலுங்கிப் புறப்பட்டது. பார்வையாளர் கயிறு எப்போது அறுந்தது என்று யாரும் பார்க்கவில்லை. இழுப்பவர்கள், இழுப்பதுபோல் நடிப்பவர்கள், ஒரு விரலால் தொட்டுக்கொண்டு வருபவர்கள், பெண்கள், தினேஷ், மறுப்பாளர் எல்லோரும் வடத்தில் இருந்தார்கள். மறுப்பாளரைப் பணியிலிருந்து விடுவிக்க மறந்துவிட்டதால் அவர் ஓடிக்கொண்டே “தேர் நகராது, தேர் நகராது” என்று சொல்லிக்கொண்டு வந்தார். வடத்தில் கட்டியிருந்த, பலத்தை அளக்கிற கருவி முதல் திருப்பத்திலேயே கழன்று விழுந்து, சக்கரம் அதன் மேல் ஏறிப் போனது.

மையத்தின் அறிக்கை பிறகு வந்தது. பயிற்சியின் பலனாகத் தேர் நிலைக்கு வந்து சேர்ந்ததாக அதில் எழுதியிருக்கிறது. மேலட்டையில் தினேஷின் படம். நமச்சிவாயத்தைப் பற்றிக் கடைசியில் ஒரு வரி: ‘கட்டுப்பாட்டுக் குழு, ஒரு நபர், முடிவுகள் பொதுமைப்படுத்தத் தக்கவை அல்ல.’ அதை அவனிடம் படித்துக் காட்டினேன். “அப்டின்னா இன்னாண்ணே?” என்றான். உன்னைப் போல் இன்னொருத்தன் இல்லை என்று எழுதியிருக்கிறார்கள் என்றேன். சரி என்று சொல்லிவிட்டு நாடாவை ஓட்டினான். அந்த அரக்குச் சேலை அந்த வாரமே தறியிலிருந்து இறங்கியது. வருகிற வருஷமும் வடம் அவனுடையதென்று குழு தீர்மானம் போட்டிருக்கிறது. அதற்குத் தீர்மானம் தேவையில்லை என்று சொல்லியிருக்கிறேன்.

இப்போது தெருவில் ஒரு பேச்சு அடிபடுகிறது. தேருக்கு முதல் நாள் நான் பழனியின் வீட்டுக்குப் போய், என் தம்பி குரல் கேட்காமல் கட்டையை எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு வந்தேனாம். அது தவறு. நான் பழனியின் வீட்டுக்குப் போகவில்லை. பழனிதான் எங்கள் வீட்டுக்கு வந்தான். நாளைக்கு என்ன செய்யட்டும் என்று கேட்டான். வழக்கமாகச் செய்வதைச் செய் என்றேன்.